சனிக்கிழமை காலையில் காணாமல் போன விளக்கு

பசிக்கிற பிள்ளை ஏன் சாப்பிட மறுக்கிறது? முப்பது நாள் துபாயில் இருந்துவிட்டு வந்தும் எனக்கு விடை தெரியாது. தெரிந்ததுபோல் எழுதப் போவதும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். திருச்சியில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு விடுமுறை. துபாயில் இருக்கும் என் தங்கை கமலாவின் மகள் சுதாவுக்குப் பதினைந்து வயது. சாப்பாடு குறைந்துகொண்டே வருகிறது, அக்கா நீ வந்து பார் என்று கமலா அழைத்தாள். ரயிலில் பம்பாய், அங்கிருந்து மூன்று மணி நேர விமானம். வெளியே வந்ததும் அடித்த காற்று அடுப்பைத் திறந்ததுபோல் இருந்தது. மே மாதத்தில் யாரும் வராதீர்கள்.

துபாயின் தேரா பகுதியில் மூன்றாவது மாடியில் வீடு. ஏ.சி.யை அணைத்த பிறகும் சுதா ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. கமலா வழக்கமாக இருக்கும் சனிக்கிழமை விரதத்தைத் தானும் இருப்பதாகச் சொல்லித்தான் ஆரம்பித்தாளாம். அப்புறம் வெள்ளி, கிருத்திகை, ஏகாதசி. வந்துபோன தமிழ்க் குடும்பங்களெல்லாம் இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று மெச்சியிருக்கிறார்கள். விரதம் இல்லாத நாளிலும் சாப்பிடவில்லை என்பது தெரிய ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

மருத்துவமனை எதிர்க்கரையில். கால்வாயை அப்ரா என்கிற படகில் கடந்தால் பத்து நிமிடம். டாக்ஸியில் சுற்றிப் போவதைவிட மேல். பலகையின் நடுவில் உட்காருங்கள், ஓரத்தில் புடவை நனையும்.

டாக்டர் ஸ்டெல்லா நாகர்கோவில்காரர், என் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் சுதாவை எடை பார்ப்பார். பிறகு கமலாவை வெளியே அனுப்பிவிட்டு சுதாவோடு தனியாகப் பேசுவார். விரதங்களை நிறுத்தச் சொன்னது கமலாவுக்கு ஆறவில்லை. “அவங்க வேற மதம், அப்படித்தான் சொல்வாங்க. உள்ள என்னைப் பத்தி என்னென்ன கேக்குறாங்களோ” என்றாள் வராந்தாவில். எனக்கும் அந்த மூடிய கதவு பிடிக்கவில்லை. ஆனால் அன்று எடை சற்று ஏறியிருந்தது. டாக்டர் சிரித்தார். என் கண்ணுக்குச் சுதா உடம்பு தேறினதாகத் தெரியவில்லை. எடை இயந்திரத்தை நம்புவதா, கண்ணை நம்புவதா?

அடுத்த சனிக்கிழமை காலை பூஜை அலமாரியில் விளக்கு இல்லை. கமலா விளக்கேற்றாமல் காபி குடிக்க மாட்டாள். அன்று குடித்தாள். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் படுக்கையறையில் பார்த்தேன்: சுதாவின் இடுப்பிலிருந்து கமலா ஒரு துணிப்பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வெள்ளி விளக்கு, குங்குமச் சிமிழ், ஒட்டியாணம், வளையல்கள்.

“எடை குறைஞ்சா வார்டுல சேர்க்கணும்னாங்க அக்கா. சேர்த்தா கம்பெனிக்குக் காகிதம் போகும். நோயாளிக் குடும்பம்னு கஃபீல், அதான் விசா கொடுத்த முதலாளி, ஊருக்கு அனுப்பிட்டா இவர் வேலை என்ன ஆகும்?”

சுதா என்னைப் பார்த்து, “ப்ளீஸ் பெரியம்மா” என்றாள். ஒவ்வொரு வேளையும் தட்டை நடுவில் வைத்துச் சண்டை போடும் தாயும் மகளும் இந்த ஒரு காரியத்தில் மட்டும் ஒரே கட்சி. நான் குழம்பிப் போனேன்.

வெள்ளிக்கிழமை தங்கையின் கணவர் ரகு, தான் வேலை செய்யும் ஜெபல் அலிக்கு என்னைக் கூட்டிப் போனார். நாற்பது கிலோமீட்டர், பாதிக்கு மேல் வெறும் மணல். கடலைத் தோண்டித் துறைமுகம் கட்டுகிறார்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். குடும்பத்தில் நோய் என்றால் அனுப்பிவிடுவார்களா என்று ரகுவிடம் கேட்டேன்.

“அப்படின்னு யாரும் சொன்னதில்லை அக்கா,” என்றவர் கொஞ்ச தூரம் போனதும், “இல்லைன்னும் யாரும் சொன்னதில்லை” என்றார். பட்டி விஷயம் அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது.

அன்று மாலை கமலாவிடம், டாக்டரிடம் நீ சொல், இல்லையென்றால் நான் சொல்வேன் என்றேன்.  சொன்னால் குடும்பமே ஊர் திரும்ப நேருமோ, சொல்லாவிட்டால் பெண் என்ன ஆவாளோ என்று எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

பிள்ளையின் வைத்தியத்துக்காக அந்த ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த வைத்தியக் காகிதத்தை யாரெல்லாம் படிப்பார்கள் என்று முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் நடந்தது இது. சுதா எடை இயந்திரத்தில் ஏறப் போகும்போது கமலா, “இரு” என்றாள். எல்லார் முன்னாலும் பட்டியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். சுதா தாயைப் பார்த்த பார்வையை எழுத விருப்பமில்லை.

டாக்டர் விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். “எடை ஏறுதுன்னு நம்பி இவளை வீட்டுலயே விட்டு வச்சிருக்கேன்” என்றார். கோபமா பயமா, குரலில் தெரியவில்லை.

“கம்பெனிக்கு எழுதுவீங்களா?”

“மாட்டேன். நீங்களும் கேக்கல, நானும் சொல்லல. ஆனா இன்னைக்கே வார்டுல சேக்கணும்.”

“சேர்த்துக்குங்க. என்னை வெளிய அனுப்பாதீங்க.”

 வார்டில் டாக்டர் கதவோரம் கிடந்த நாற்காலியைத் தாமே இழுத்து, சுதாவின் கட்டிலருகே கமலாவுக்காகப் போட்டார்.

மதியம் தயிர்சாதம் வந்தது. சுதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “இன்னைக்கு சனிக்கிழமை” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை விரதத்தை விடாத கமலா, தனக்கு ஒரு தட்டு கேட்டு வாங்கி முதல் வாய் சாப்பிட்டாள். டாக்டரும் எழுந்து போகவில்லை. வெகுநேரம் கழித்துச் சுதா நான்கு கரண்டி சாப்பிட்டாள். தாயோடு பேசவில்லை.