பதினைந்து புளியங்கொட்டைகள்

டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே என் மகள் கேட்டாள், "இன்னும் டீ போடலையாம்மா?"

கிளாஸ் காலியாக இருந்தது. அப்போதுதான் குடித்து முடித்திருந்தாள். நான் சிரித்துவிட்டேன். பிரயாணக் களைப்பு என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டிருந்தால், நீங்கள் சிரிக்காமல் இருப்பதற்காக இதை எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் வளர்மதி ரக்பி ஆடியவள். இந்தியாவுக்காக மூன்று வெளிநாடுகளுக்குப் போய் ஆடியிருக்கிறாள். எங்கள் நெரவிப் பக்கத்தில் அந்த ஆட்டத்தின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஒரு நாள் தரையில் பதினைந்து புளியங்கொட்டைகளை அடுக்கி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பந்து முட்டை மாதிரி இருக்கும். அதை அணைத்துக்கொண்டு முன்னால் ஓட வேண்டும். ஆனால் கூட்டாளிக்குக் கையால் கொடுப்பதென்றால் பின்பக்கமாகத்தான் வீச வேண்டும். எதிராளி கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவாள். அதற்கு டாக்கிள் என்று பெயர்.

"பின்னாலதான் கொடுக்கணுமா? எங்க நடவு மாதிரி இருக்கே" என்றேன். நாங்களும் பின்னால் நகர்ந்துகொண்டேதான் நாற்று நடுகிறவர்கள். அவளுக்கு அன்று சிரிப்பு அடங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவள் ஓட்டக்காரி. அவள் அப்பா இறந்தபோது ஒன்பதாவது படித்தாள். ஓடிய கெட்டிக்காரத்தனத்தில்தான் சென்னையில் கல்லூரி இடம் கிடைத்தது. அங்கே இந்த ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். முதலில் ஓரத்தில் ஓடுகிற இடம். பிறகு எல்லோருக்கும் பின்னால் தனியாக நின்று பந்தைப் பிடிக்கிற இடம். பிறகு நடுவில் மோதுகிற இடம். ஒரு தொடரில், குனிந்து பந்தை எடுத்துக் கொடுக்கிற சின்ன உருவப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று அங்கேயும் நின்றிருக்கிறாள்.

இந்த ஆட்டத்தில் சட்டை எண் ஆளுக்கு இல்லை, நிற்கிற இடத்துக்குத்தான். அதனால் துணிக்கொடியில் பதினொன்று, பதினைந்து, பன்னிரண்டு, ஒன்பது என்று நாலு எண்கள் காயும். என்னோடு நடவுக்கு வரும் சரோஜா அக்கா பார்த்துவிட்டு, "உனக்கு எத்தனை பொண்ணுடி? ஒண்ணுதானே பெத்த?" என்று கேட்பார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் நிற்பாள் என்று பயிற்சியாளர் சொன்னதாக மதி சொல்வாள். எனக்கு அதில் பெருமை. முடியாது என்று சொல்ல அவளுக்குத் தெரியாது என்பதுதான் அதன் அர்த்தம் என்று அப்போது தோன்றவில்லை.

சென்னை முகாமில் ஒரு டாக்கிளில் எதிராளியின் முட்டி அவள் காதுக்கு மேலே இடித்தது. கன்கஷன் என்றார்கள் (மண்டை உடையாமல் உள்ளே மூளை குலுங்கிப்போவது). மூன்று வாரம் வீட்டில் ஓய்வு. அணி டாக்டர் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார். தலைவலி உண்டா, வெளிச்சம் கூசுகிறதா, கேட்டதையே கேட்கிறாளா, நடை தள்ளாடுகிறதா என்று அதில் இருந்தது. அவளைக் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாள், ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்களிடம் போனில் கேட்பேன் என்றார். அவர் என்னை நம்பித்தான் அப்படிச் செய்தார்.

தாளில் இருந்த நாலும் அவளுக்கு இருந்தன. டீ விஷயம் நடந்தது அந்த வாரத்தில்தான். பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள்.

முதல் ஞாயிறு போன் அடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ஒண்ணுமில்லன்னு சொல்லிடு. வெளிநாட்டு ஆட்டம் வருது. பன்னெண்டாம் எடத்துல ஆடுறவளுக்கு முட்டி போயிடுச்சி. நானும் போகலன்னா அந்த எடத்துக்கு ஆளில்லம்மா."

ஆளில்லை என்ற சொல் எனக்குப் பழகியது. நடவு வரிசையில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால், பக்கத்தில் இருப்பவள் அவள் பங்கையும் சேர்த்து நட்டுக்கொண்டு போவாள். வரப்பில் நின்று வேலை வாங்குகிறவர் கண்ணுக்கு இடைவெளி தெரியக் கூடாது. தெரிந்தால் மறுநாள் அவளைக் கூப்பிட மாட்டார்கள். காய்ச்சலோடு நான் நின்ற நாட்களில் சரோஜா அக்கா என் பங்கை நட்டிருக்கிறார். வலியை வெளியில் காட்டாமல் மூடிவிடுவது எங்களுக்கு ஒருத்திக்கொருத்தி செய்கிற உதவி. அதையே நான் என் மகளுக்கும் செய்தேன்.

"ஒண்ணுமில்லீங்க சார். நல்லா சாப்புடுறா, நல்லா தூங்குறா" என்றேன். மூன்று ஞாயிறும் அதையே சொன்னேன். பெரிய மனிதர்களிடம் பேசும்போது எனக்குக் குரல் நடுங்கும். அந்தப் பொய்யைச் சொல்லும்போது மட்டும் நடுங்கவில்லை.

அவள் போனாள். இரண்டாவது ஆட்டத்தில் மறுபடி அடிபட்டது. இந்த முறை பெரிய மோதல்கூட இல்லையாம், விழும்போது தலை தரையில் தட்டியிருக்கிறது. ஆறாத மூளை அந்தத் தட்டலைத் தாங்கவில்லை. ஊருக்கு வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. இந்தியா என்று எழுதிய அந்தப் பன்னிரண்டாம் எண் சட்டை பைக்குள்ளேயே துவைக்காமல் கிடந்தது.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீர்காழி தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்பதுதான் இந்த நோயின் கஷ்டம். இதில் நோயாளியும் கூட இருப்பவர்களும் வாயால் சொன்னால்தான் உண்டு என்று டாக்டரம்மா விளக்கினார். பிறகு மதியைப் பார்த்து, இதற்கு முன்னால் அடிபட்டிருக்கிறதா, அது குணமாக எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார்.

"ஒரு தரம் பட்டுச்சி டாக்டர். ரெண்டு நாள்ல சரியாயிடுச்சி" என்றாள் மதி. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மடியிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வராந்தாவில் அவளை பெஞ்சில் படுக்கவைத்தேன். கண்ணைச் சுருக்கி, டியூப் லைட்டுக்கு முதுகைக் காட்டிச் சுருண்டுகொண்டாள். இருபத்தேழு வயது. வயிற்றில் இருந்தபோது இப்படித்தான் இருந்திருப்பாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் அவள் ஆட்டம் முடிந்தது. சொல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி ஏதோ ஓர் இடத்துக்கு ஆளில்லை என்று கூப்பிடுவார்கள். இவளும் போவாள்.

மருந்துச் சீட்டை மறந்துவிட்டதாக அவளிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்ததும் கதவைச் சாத்தினேன். அவர் காத்திருந்தார்.

"அவளுக்கு அப்பவே சரியாகலீங்க. மூணு வாரமும் இருந்துச்சி. நான்தான் இல்லன்னு சொன்னேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "இப்பவாவது சொன்னீங்களே. இனிமே மோதுற ஆட்டம் எதுவும் வேண்டாம்மா. இன்னொரு அடி இவங்க தாங்க மாட்டாங்க" என்றார். பிறகு மதியைக் கூப்பிட்டு அவளிடமும் அதையே சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது மதி கேட்டாள். "அன்னைக்கு இல்லன்னு சொன்னவ நீ. இன்னைக்கு ஏன் இருந்துச்சின்னு சொன்ன? ரெண்டுல ஒண்ணாவது எனக்காக செஞ்சியா?"

அதற்குப் பிறகு நாலு மாதம் அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

அந்த மாதங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அவசரப்படாதீர்கள். போன், டிவி வெளிச்சம் எதுவும் அவளுக்கு ஆகவில்லை. மிக்ஸி சத்தம் ஆகவில்லை, அதனால் அம்மியில் அரைத்தேன். வாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரி லாரி சாலையில் ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். ஒரு நாள் தெருமுனை வரை நடந்தாள். மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. நேற்று முடிந்தது இன்று முடியாது என்பதைத் தாங்கிக்கொள்ள எங்கள் இருவருக்குமே வெகுநாள் ஆயிற்று. தலைவலி எப்போது வந்தது, எப்போது போனது என்று டாக்டரம்மா என்னை ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார். உள்ளதை உள்ளபடி எழுதினேன். நல்ல நாள் என்று பொய்யாக ஒரு வரி எழுதவில்லை.

மதி அந்த நோட்டை எடுத்துப் படித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில், "நேத்து ரெண்டு தரம் வந்துச்சி. நீ ஒண்ணுதான் எழுதியிருக்க" என்றாள். நான் பேனாவை எடுத்துத் திருத்தினேன். அவள் மறுபடி என்னோடு பேசத் தொடங்கியது அப்படித்தான்.

ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. தலைவலி வாரத்துக்கு ஒன்று இரண்டாகக் குறைந்திருக்கிறது. சில சொற்கள் இன்னும் நேரம் கழித்துத்தான் அவளுக்கு வருகின்றன. ஞாபகத்துக்குப் பயிற்சியாக ஏதாவது செய்யச் சொன்னார்கள். போன வாரம் பழைய டப்பாவிலிருந்து புளியங்கொட்டைகளைக் கொட்டி, அணியைத் தரையில் நிறுத்தினாள். ஒவ்வொன்றையும் வைத்து எண்ணைச் சொன்னாள். எதுவும் தவறவில்லை. ஆனால் நடுவில் பன்னிரண்டு மட்டும் காலியாக இருந்தது.

மறந்துவிட்டாள் என்று நினைத்து டப்பாவிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து அங்கே வைக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா."

"ஒண்ணு கொறையுதேடி."

"அவளுக்கு அடிபட்டிருக்கு. வெளியில உக்காந்திருக்கா. அந்த எடம் அப்படியே இருக்கட்டும்."

கொட்டையைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். தெருவில் லாரி ஒன்று போனது. அவள் காதைப் பொத்திக்கொண்டு, அது போகும் வரை காத்திருந்துவிட்டுக் கையை எடுத்தாள். முன்பெல்லாம் எங்களுக்குக் காலம் என்பது ஒரு நடவிலிருந்து அடுத்த அறுப்பு வரை, ஓர் ஆட்டத்திலிருந்து அடுத்த ஆட்டம் வரை. இப்போது ஒரு சத்தம் போய் அடுத்த சத்தம் வருகிற வரைக்கும் உள்ள நேரமே போதுமானதாக இருக்கிறது.

குனிந்தே நின்றதில் எனக்கு இடுப்பு விண்ணென்றது. நாற்பது வருஷமாக இருக்கிற வலிதான். யாரிடமும் சொன்னதில்லை.

"எனக்கு இடுப்பு வலிக்குது மதி" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பாயில் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்துகொண்டேன்.