கோதைநாயகி போடாத கையெழுத்து

உள் அறையிலிருந்து, டம்ளரைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் வெந்நீர். இரண்டு கேட்டது.

"என்னக்கா அது?" என்றான் தம்பி ரங்கா. வேப்பம்பட்டிலிருந்து பத்து மணி வண்டியில் வந்தவன், மூக்கைத் துண்டால் பொத்தியபடி வாசற்படியிலேயே நின்றிருந்தான்.

"உன் அத்திம்பேர் பேசறார். எட்டு மாசமா இப்படித்தான்" என்றாள் கோதைநாயகி.

எட்டு மாதத்துக்கு முன் அவள் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலையில் சேர்ந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை, பகல் முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அலுத்துவிட்டது அவளுக்கு. கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் அவள் கணவர் ஜகந்நாதனோ சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தூணுக்குச் சொல்வார். "வேலைக்குப் போறவாளுக்கு ஆத்து ஞாபகம் எங்கே இருக்கும்" என்று தூணிடம் அவர் குறைப்படுவதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அவளே வக்கீலைத் தேடிப் போனாள்.

அந்த நேரம் பார்த்துத்தான், அறுபத்தெட்டாம் வருஷத்தில் உலகத்தையே சுற்றிவந்த ஹாங்காங் ஜுரம் திருவள்ளூருக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஜகந்நாதன் படுத்தார். பிரிய நினைத்தவளை அவரோடு ஒரே கூரையின் கீழ் பூட்டிவைத்தது ஜுரம்.

அதைவிடப் பெரிய தொல்லை, பெருமாளாக வைத்துப் பூஜிக்கும் சாளக்கிராமக் கல். அந்த வீட்டில் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாத, அதாவது படைக்காத, சோற்றை யாரும் தொடுவதில்லை. ஆராதனையை ஆண்பிள்ளைதான் செய்ய வேண்டும். நோயாளிக்குக் கஞ்சி குடிக்க விலக்கு உண்டு; அவளுக்கு இல்லை. ஒத்தாசைக்கு வரும் பக்கத்து வீட்டு எம்பார் ஜுரத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார். நாலு நாளாக அவளுக்குப் பாலும் வாழைப்பழமும்தான்.

"இன்னா மாமி, இன்னிக்கும் பழந்தானா? சொம்பப் படியிலயே வெச்சுடு, ஊத்திக்கினு போறேன். உள்ள வந்தா எங்கூட்டுக்காரு என்ன ஊட்ல சேக்க மாட்டாரு" என்று பால்காரி செல்வி காலையில்கூடக் கேலி செய்துவிட்டுப் போனாள்.

ரங்கா காகிதத்தை நீட்டினான். "வக்கீல் எழுதிக் கொடுத்துட்டார். முதல்ல பிரிஞ்சு இருக்க உத்தரவு, ரெண்டு வருஷம் கழிச்சு விவாகரத்து. கையெழுத்தைப் போடு. பெட்டியை எடுத்துண்டு கிளம்பு."

"போடறேன். அதுக்கு முன்னே நீ குளிச்சுட்டு ஒரு ஆராதனை பண்ணேன். ஒரு வாய் சாதம் சாப்பிட்டுட்டு வரேன்டா."

"ஜுரம் இருக்கிற ஆத்திலயா? எனக்கும் குழந்தை குட்டி இருக்குக்கா. வேப்பம்பட்டுக்கு வந்து சாப்பிடேன்."

அவள் பேனாவை வாங்கினாள். அப்போது கொல்லைப்புறத்தில் கிணற்று உருளை கிறீச்சிட்டது. தொடர்ந்து வாளி உருண்டது.

ஓடினாள். ஜகந்நாதன் கிணற்றுச் சுவரில் சாய்ந்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நெற்றி கல்லில் பட்டு ரத்தம் கசிந்தது. பற்கள் கிடுகிடுத்தன.

"நூத்திரண்டு டிகிரி ஜுரத்தில் பச்சைத் தண்ணியா? என்ன பண்ணிண்டிருக்கேள்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்துச் சொன்னார்: "நாலு நாளா ஒருத்தி பட்டினி. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணினாத்தானே அவ சாப்பிடுவா."

கோதைநாயகிக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாய்க் கோபம் வந்தது. "இவ்வளவு நாள் தூண். இப்போ கிணறா? நான் எதிர்ல நிக்கறேனே, என்கிட்ட சொல்ல வாய் வரலையா? மண்டையை உடைச்சுக்க மட்டும் தெரியறதோ?"

அவர் கிணற்றுச் சுவரைப் பிடித்து நிமிர்ந்தார். ஈர வேஷ்டியோடு தள்ளாடிப் போய்ச் சாளக்கிராமத்தின் முன் உட்கார்ந்தார். மந்திரம் பாதியில் தடுமாறியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்குள் அவள் ஒரு பிடி அரிசியை வடித்து, தளிகைப் பாத்திரத்தில் கொண்டுவந்து பெருமாள் முன் வைத்தாள். மணி தாறுமாறாக ஒலித்தது. முடிந்ததும் அங்கேயே சரிந்தார். அவரை இழுத்துப் படுக்கையில் போட்டு, தலையைத் துவட்டி, நெற்றியில் துணி கட்டினாள். கட்டும்போதும் திட்டினாள். பிறகு தளிகைப் பாத்திரத்தின் எதிரில் உட்கார்ந்து வெறும் சாதத்தை நாலு கவளம் விழுங்கினாள். அழுதுகொண்டே விழுங்கினாள்.

கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தபோது ரங்கா இன்னும் நின்றிருந்தான்.

"வண்டிக்கு நாழியாறதுக்கா."

"நீ போ. காகிதத்தையும் எடுத்துண்டு போ."

"மனசு மாறிட்டயா?"

"மாறலை. ஒரு வேளைச் சோறு போட்டதுக்காக எட்டு மாசத்தை மறந்துடுவேனா? ஆனா இப்படிப் படுத்திருக்கிறவரை விட்டுட்டு வரமாட்டேன். எழுந்து உட்காரட்டும். என் மூஞ்சியைப் பார்த்து, இருன்னோ போன்னோ ஒரு வார்த்தை சொல்லட்டும். சொல்லலைன்னா நானே வேப்பம்பட்டுக்கு வந்து கையெழுத்துப் போடறேன்."

"அவராவது சொல்றதாவது" என்றான் ரங்கா.

"அதை நான் பார்த்துக்கறேன். நீ மூக்கைப் பொத்திண்டு பத்திரமாப் போய்ச் சேர்."

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் பக்கமாய் விறுவிறுவென்று நடந்தான். தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, கோதைநாயகி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.