பழைய பிக்கப்பும் என் வாயும்

மரவள்ளிக்கிழங்கு ஏற்றவும், அன்றாடம் கள்ளக்குறிச்சி போய்வரவும் ஒரு பழைய பிக்கப் தேடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிமலையில் ஒருவர் விற்கிறார் என்று இன்று மச்சானோடு போனேன்.

"ஓட்டிப் பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, வண்டிக்காரர் பின்னால் ஏறி நின்றுகொண்டார்.

மலைப்பாதையில் ஒரு சுற்று. ஏற்றத்தில் திணறவில்லை, இறக்கத்தில் பிரேக் கச்சிதம்.

"மச்சான், வண்டி தங்கம். எறங்குனதும் ஓட்ட வண்டின்னு சொல்லி வெலைய கம்மி பண்ணிடலாம். மலைக்காரரு, நம்பிடுவாரு" என்றேன். இருவரும் சிரித்தோம்.

நிறுத்தியதும் ஆரம்பித்தேன். "இன்னாங்க, புகை ஜாஸ்தியா வருது. கிளட்ச்சும் சரியில்ல."

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கேபினுக்குப் பின்னாடி கண்ணாடி ஒடஞ்சி ரொம்ப நாளாச்சுங்க. அத மட்டும் சொல்லாம வுட்டுட்டீங்க. நீங்க பேசிக்கினு வந்தது பூரா கேட்டுது."

கோபமே இல்லாத குரல். "தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று சொம்பை வேறு நீட்டினார்.

குடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டே மலையிறங்கினேன்.

விலை எதுவானாலும் அந்த வண்டிதான் வேண்டும். அதற்குமுன் அவரிடம் மன்னிப்பும் கேட்கவேண்டும். நாளை போகலாமென்றால் மச்சான் வரமாட்டேன் என்கிறார்.

உங்களில் யாராவது துணைக்கு வருகிறீர்களா?