அமிர்தம் தாண்டிய மரங்கள்

எண்பத்தேழாம் வருஷத்து மறியலின்போது நைனார்பாளையத்து அமிர்தம் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதனாலேயே அவள் அப்பா ஆதிமூலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில் யார் எதைப் பேசினாலும் மகள் வேலையில் கொண்டுவந்து முடிப்பார்.

மகளுக்கோ தூக்கம் போயிருந்தது. சென்னையிலேயே எம்.இ. படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் நேரில் போய்ச் சேராவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். வேலையை விட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் பேசி முடிவு செய்யத்தான் ஊருக்கு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. லீவு முடிகிறது, வெள்ளிக்கிழமை கிளம்பணும் என்று மட்டும் சொன்னாள். மெஷினுக்குப் பயப்படாதவள், இந்த விஷயத்தில் சரியான கோழை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பஸ் நிறுத்தத்துப் புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. தங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு வழிநெடுக மரங்களைச் சாய்த்திருந்தார்கள். இந்த மரத்தில் முதல் வெட்டு ஆதிமூலத்துடையது.

"இன்னாம்மா மூஞ்சி தொங்கிப்போயி கீது? ஊரே வேலைக்குப் போவல. நீயும் லீவு போடு."

"திங்கக்கெழம நான் மெட்ராஸ்ல இருந்தாவணும்ப்பா."

வேலை போய்விடும் போலிருக்கிறது என்று அவராக நினைத்துக்கொண்டார். அவள் திருத்தவில்லை. விழுப்புரத்தில் ரயில் ஏதாவது கிடைக்கும் என்று சைக்கிளை எடுத்தார். தாம் வெட்டிய மரத்துக்கு மேலேயே அதைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கியபோது, காவலுக்கு நின்ற பங்காளிகள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

தியாகதுருகத்துக்கு முன்னால் வெட்டிச் சாய்த்த இன்னொரு மரத்தருகே கழியோடு கும்பல் நின்றது. பனியன் போட்ட ஒருவன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க போறீங்க?"

"பொண்ணு வேலைக்குப் போவுது தம்பி. நானும் நம்ம ஆளுதான். எங்கூரு மரத்த நானே வெட்னேன்."

"வெட்னவனே தாண்டுவியா? நாங்க அடி வாங்கிக்கினு கீறோம், ஒம் பொண்ணுக்கு வேல கேக்குதா? திருப்பு சைக்கிள!"

ஆதிமூலம் கைகூப்பிவிட்டார். யாரிடமும் கைகூப்பாத மனுஷன். அவமானம் தாங்காமல் அமிர்தம் முன்னால் வந்தாள்.

"வேலைக்கு இல்லண்ணா. வேலைய வுடப்போறேன். மேல படிக்க எடம் கெடச்சிருக்குது. திங்கக்கெழம போய்ச் சேரலன்னா பூடும்."

பயத்தில் சொன்னாளா, மனசில் இருந்ததைச் சொன்னாளா, அவளுக்கே தெரியாது. ஆனால் சொல்லியாகிவிட்டது. இனி அதை மாற்ற அவளுக்கு மனசில்லை.

பனியன்காரன் ஹேண்டில்பாரை விட்டான். "சீட்டு கேட்டுத்தான் ரோட்டுல கெடக்கறோம். கெடச்சத வுடுவாங்களா? டேய், பின்னால புடிங்கடா."

சைக்கிள் அந்தப் பக்கம் இறங்கியது. ஆதிமூலம் மகளையே பார்த்தார்.

"நெசமாவா?"

"ஆமாப்பா."

அவர் சைக்கிளில் ஏறினார். முதுகுச் சட்டை நனைய மிதித்தார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று பின்னால் உட்கார்ந்திருந்த அமிர்தம் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மரம் வந்தது. அங்கேயும் கழிகள் எழுந்தன. யாரும் கேட்பதற்குள் ஆதிமூலம் தொண்டை கிழியக் கத்தினார்.

"எம்பொண்ணு படிக்கப் போவுதுய்யா! வழி வுடுங்க!"