ஐந்தாம் டிராக்கில் அக்காவின் குரல்

“நவம்பர், இரண்டாம் சனிக்கிழமை. மாலை அக்கா வந்தாள். தைராய்டு கட்டிக்கு ஜனவரியில் அறுவை. டாக்டர் சொன்னது: குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். கேரல் நிகழ்ச்சி டிசம்பர் மூன்றாம் ஞாயிறு. யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள்.”

என் குறிப்பேட்டில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மழை பெய்ததா, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம்வரை போனேன் என்று தினமும் எழுதுகிறவன் அன்று எழுதவில்லை. மறுநாள் பக்கத்தில் ஒரே வரி: “பதிவு செய்ய வேண்டும். ஒழுங்காக.”

எங்கள் கோவில் பாடகர் குழுவில் அக்கா முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவள். ஒவ்வொரு கேரலிலும் குழந்தை இயேசுவுக்கான தாலாட்டில் முதல் சரணத்தை அவள் தனியாகப் பாடுவாள். பிறகு குழு சேர்ந்துகொள்ளும். அந்தச் சரணத்தின் கடைசி வரி ஓர் உச்ச சுரத்துக்கு ஏறும். அந்த இடத்தில் கோவிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் அதற்கு எங்களிடம் இருந்த பதிவுகளெல்லாம் யாராவது கைபேசியில் எடுத்த வீடியோக்கள். மின்விசிறி இரைச்சல், குழந்தை அழுகை, நடுவில் ஒரு மாமாவின் பின்மண்டை.

எனக்கு வேண்டியது வேறு. ஒவ்வொரு மைக்கும் தனித்தனி டிராக்கில் பதிவாக வேண்டும். பின்னால் ஒருநாள் மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிட்டு அவள் குரலை மட்டும் கேட்க முடிய வேண்டும்.

முதலில் சவுண்ட் சர்வீஸ் பாயிடம் போனேன். எங்கள் கோவிலுக்குப் பல வருடமாக அவர்தான் ஒலிபெருக்கி போடுகிறார்.

“என் மிக்சர்ல ஒரு பென்டிரைவச் சொருகுனாப் பதிவாயிரும் சார். எதுக்கு இம்புட்டு மெனக்கெடணும்?”

“அதுல எல்லாம் ஒன்னாச் சேந்துல்ல பாய் வரும்? ஒரு குரலத் தனியாப் பிரிக்க முடியாதே.”

“சாம்பார்ல இருந்து கத்திரிக்காயப் பிரிக்கணும்ங்கிறீக.”

“கத்திரிக்காயப் பிரிச்சிரலாம் பாய். உப்பைப் பிரிக்க முடியாது.”

பாய் சிரித்துவிட்டார். “அப்ப உப்பைத் தனிக் கிண்ணத்துலதான் வாங்கணும். பண்ணிருவோம்.”

இரண்டாவது வழி, மைக்குகளை மடிக்கணினியோடு இணைக்கிற பெட்டி. ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி ஒத்திகையில் வைத்துப் பார்த்தேன். நாற்பதாவது நிமிடத்தில் கணினி உறைந்து நின்றது. ஒத்திகை என்பதால் பிழைத்தோம். போதாததற்கு, கோவிலில் சீரியல் விளக்குகளைப் போட்டதும் மின்சாரம் ஒருமுறை போய் வரும். அது எல்லா வருடமும் நடப்பது. ஆகவே கணினி வேண்டாம், தானாக இயங்குகிற ரெக்கார்டர் வேண்டும், அது பேட்டரியிலும் ஓட வேண்டும் என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அப்படியொன்று சின்னாளப்பட்டியில் இருந்தது. முளைப்பாரிப் பாட்டுகளைப் பதிவு செய்கிற ஒருவர் வைத்திருந்தார். எட்டு மைக், எட்டு டிராக், எல்லாம் ஒரு மெமரி கார்டில். ஒரு வாரத்துக்கு வாடகைக்குக் கேட்டேன். சுங்குடிச் சேலை வரும் அட்டைப்பெட்டியில் வைத்துச் சணல் கட்டிக் கொடுத்தார். பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

எஞ்சியது மைக். மேடையில் வழக்கமாக வைக்கும் மைக் வாய்க்கு நெருக்கமாக இருந்தால்தான் எடுக்கும். பென்சில் கனத்தில் ஒரு மைக் இருக்கிறது. இரண்டடி தள்ளி வைத்தாலும் மூச்சைக்கூட எடுத்துவிடும், கூடவே மின்விசிறியையும். இரண்டையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுச் சமையலறைக்குப் போனேன்.

“ஏலே, இங்க வெஞ்சனம் கருகுது. நீ என்னமோ தேர்தலுக்கு நிக்கிறவ வாயில மாதிரி மைக்க நீட்டிக்கிட்டு நிக்கிற.”

“ஒரு வரி பாடுக்கா.”

பாடினாள். கரண்டியைக் கீழே வைக்காமலே பாடினாள். பென்சில் மைக்கில் அவள் குரல் அப்படியே விழுந்தது.

“இதுதான். உனக்கு முன்னாடி வைக்கப் போறேன்.”

“எனக்குன்னு ஒத்தை மைக்க நட்டு வச்சேன்னா மேடையிலயே ஏறமாட்டேன். குழுன்னா குழுதான். அம்புட்டுப் பேரும் எதுக்குன்னு கேப்பாக, நான் என்ன சொல்ல?”

எங்கள் குழுவின் வழக்கம் அது. தனியாகப் பாடுகிறவர் பெயரைக்கூட அறிவிக்க மாட்டார்கள். நல்லவேளையாக அவள் நிற்கும் இடத்துக்கு எதிரே கிறிஸ்துமஸ் குடில் இருந்தது. மைக்கைக் குடிலின் வைக்கோல் கூரைக்குள் நுழைத்துக் கட்டினேன். எந்த மைக் எந்த டிராக் என்ற பட்டியலில் “டிராக் 5: சோப்ரானோ, இடது பக்கம்” என்று எழுதினேன். பொய் இல்லை, உச்சக் குரலில் பாடும் பெண்கள் நிற்பது அங்கேதான்.

பட்டியலைப் பார்த்த குழுத்தலைவி, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். “ஏன் தம்பி, நம்ம பங்குச்சாமி கிறிஸ்துமஸ் செய்தி குடுக்குறாரே, அது எந்த டிராக்ல?”

“மேல தொங்குற ரெண்டு மைக்லயும் விழுந்துரும் டீச்சர்.”

“விழுறது வேற, பதியுறது வேற. அஞ்சாம் நம்பரச் சாமிக்குக் குடுங்க. சோப்ரானோக்காரங்க எல்லாம் கத்துனா மேல இருக்க மைக்குக்கே கேக்கும்.”

காரணம் சொல்ல முடியாது, அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். “எட்டும் போட்டாச்சு டீச்சர், இனி மாத்துனா எல்லாம் கலைஞ்சிரும்” என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு வாரம் தம்பி என்று கூப்பிடவில்லை. பொறுத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சியன்று கேபிள்களை ஒட்டிக்கொண்டே பாய் கேட்டார். “அந்தத் தாலாட்ட ஆறு மணிக்குள்ள முடிச்சிருவாகளா சார்?”

“அஞ்சுக்கு ஆரம்பம். அது மூணாவது பாட்டு. அஞ்சே காலுக்குள்ள முடிஞ்சிரும்.”

“அஞ்சுன்னா அஞ்சா?” என்று சிரித்தார். நான் கவனிக்கவில்லை.

சிறப்பு விருந்தினர் கொடைரோட்டுப் பக்கம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார். நிகழ்ச்சி தொடங்கியது 5:46. தாலாட்டு தொடங்கியது 5:58. கீபோர்டு மட்டும்தான் துணை. அக்கா பாடிக்கொண்டே போய்க் கடைசி வரிக்கு மூச்சை இழுத்தாள். மேலே கோபுரத்தில் மணி அடித்தது.

மூவேளைச் செபத்தின் மணி. காலை, நண்பகல், மாலை ஆறு என்று பிறந்ததிலிருந்து கேட்கிற மணி. அது அடித்தால் எங்கள் கோவிலில் எந்த வேலையும் அப்படியே நிற்கும். மின்தடை, பேட்டரி, கணினி உறைவது என்று எல்லாவற்றையும் ஐந்து வாரம் யோசித்த நான், தினமும் கேட்கும் மணியை யோசிக்கவில்லை. ஒத்திகைகள் எல்லாம் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தவை. இந்தக் கோவிலைச் சேராத பாய்க்கு மட்டும் நினைவிருந்தது.

பாட்டு நின்றது. எல்லோரும் எழுந்து பீடத்தின் பக்கம் திரும்பினார்கள். கீபோர்டு வாசிப்பவரும் எழுந்து திரும்பினார். நானும் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக் கைகூப்பினேன். ரெக்கார்டரை நிறுத்தவில்லை. மரியன்னையிடம் சொல்லும் மூன்று மங்கள வார்த்தைச் செபங்களும் முடிந்ததும் டீச்சர் முதலிலிருந்து என்று கைகாட்டினார். அக்கா மறுபடி பாடினாள். இந்த முறை கடைசி வரியும் முழுதாக ஏறியது. 6:07 என்று குறித்தேன்.

திங்கட்கிழமை ஐந்தாம் டிராக்கை மட்டும் கேட்டேன். ஏதோ உறுத்தியது. இரண்டு முறை பாடியதையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். இரண்டாவது முறை பாடியது அரைச் சுரம் கீழே. கீபோர்டு டிராக்கும் அதே அளவு கீழே. கீபோர்டில் சுருதியை மொத்தமாக இறக்க ஒரு பொத்தான் உண்டு. நடுவில் யாரோ அதை அழுத்தியிருக்கிறார்கள். நான் எந்த உயரத்தைப் பிடிக்க ஐந்து வாரம் அலைந்தேனோ, அந்த உயரம் பதிவில் இல்லை.

வாசித்தவரைக் கேட்டேன். “நான் தொடலண்ணே. பீடத்துப் பக்கம் திரும்பில்ல நின்னேன்? அடுத்த பாட்டுக்குக் கிட்டாரோட இடிச்சுச்சு. பாத்தா மைனஸ் ஒன்னு. அப்பத்தான் சரி பண்ணுனேன்.”

டீச்சர், “கைபட்டிருக்கும்” என்றார்.

அக்கா முதலில், “நான் கண்ண மூடிச் செபம் சொல்லிக்கிட்டு இருந்தேன், எனக்கு என்ன தெரியும்?” என்றாள். பிறகு, “ஒன்னு சொல்றேன் அப்பு. முதல் தடவை அந்தக் கடைசி வரி ஏறியிருக்காது. தொண்டை அடச்சிருச்சு. மணிதான் காப்பாத்துச்சு” என்றாள்.

அறுவை முடிந்துவிட்டது. பேச்சுக் குரல் பழையபடி இருக்கிறது. பாடிப் பார்க்க இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பதிவை மூன்று இடங்களில் பிரதியெடுத்து வைத்திருக்கிறேன். அரைச் சுரம் கீழே இருந்தாலும் அது அவள் குரல், முழுதாக இருக்கிறது.

ஐந்தாம் டிராக்கில் மூன்றாவது மங்கள வார்த்தையின் நடுவே ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் இருக்கிறது. கீபோர்டு அக்காவின் வலது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. டீச்சரின் கைக்கும் எட்டும். அக்காவின் நோய் பற்றி டீச்சருக்கு முன்பே தெரியுமா என்பதை நான் கேட்டதில்லை. அந்தப் பொத்தானை அழுத்தியது யார் என்பது இதை எழுதும்வரை உறுதி செய்யப்படவில்லை.