மரம் அறுக்கும் மெஷினுக்கு வைத்த சந்தனம்

கொடைக்கானல் எஸ்டேட்டில் கழித்துப் போட்ட, பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மெஷின் அது. மெட்ராஸுக்குத் தந்தி மேல் தந்தியடித்து, பிஸ்டன் ரிங் வரவழைத்து, ஓட வைத்து, போன மாதம்தான் உசிலம்பட்டி பெரியகருப்பனுக்கு விற்றேன்.

இன்று நான் கடை திறக்கும் முன்பே மெஷினைச் சாக்கில் கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து நிற்கிறார்.

"அண்ணே, ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. புளியமரம் சாஞ்சு மோட்டார் ரூம அடைச்சுக் கெடக்கு. தண்ணி பாயாம வெங்காயம் வாடுது."

மூடியைக் கழற்றினேன். காற்று இழுக்கும் ஃபில்டர் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். நேற்று ஆயுத பூஜை.

"இதுல எதுக்குத் தம்பி வச்சீக?"

"நீங்கதானண்ணே சொன்னீக, இதுதான் அதுக்கு மூக்கு, இது வழியாத்தான் மூச்சு விடும்னு. உசுரு இருக்குற எடத்துலதான வைக்கணும்?"

கோபப்படவும் தெம்பில்லை. பெட்ரோலில் கழுவி, காயவைத்து, கயிற்றை இழுத்தேன். உறுமியது. அவர் அதைக் கும்பிட்டார்.

"இனிமே மூக்குல வைக்க மாட்டேண்ணே. நெத்தி எதுன்னு மட்டும் காட்டிருங்க, வாரேன்."

அரைமணி நேரமாக இருவரும் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், வெங்காயம் வாடுகிறது.