நிறுத்தத்தில் தூக்கிய கை

எங்கள் பணிமனையில் அவளுக்கு வாளி அக்கா என்று பெயர். பேருந்துகளைக் கழுவிவிடுவது அவள் வேலை. வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிப்பது என் வேலை என்பதால் அவளுடைய திருட்டுத்தனம் ஒன்று எனக்குத் தெரியும். கழுவி முடித்ததும் ஓட்டுநர் இருக்கையில் இரண்டு நிமிஷம் உட்காருவாள். ஸ்டியரிங்கைத் துடைக்கிறாளாம்!

"என்னக்கா, எதுவரைக்கும் போய்ட்டு வந்தீங்க?" என்று ஒருநாள் சீண்டினேன்.

முகம் வெளிறிவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி."

ஏன்தான் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

சிறுவயதிலிருந்தே அவளுக்குப் பேருந்து ஓட்ட வேண்டும். கல்யாணமான புதிதில் அதைப் புருஷனிடம் ஆசை ஆசையாகச் சொன்னாள். முதல் அறை அன்றைக்கு விழுந்தது. பதினாறு வருஷம் அடித்தான், மனுஷனா அவன்? ஒருநாள் அவன் வேலைக்குப் போனதும் ஒரு பையோடு வெளியேறினாள். இப்போது ஒற்றை அறை, ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். இன்னொரு டம்ளருக்குத் தேவையே வரவில்லை என்று சாதாரணமாகச் சொல்வாள். எனக்குத்தான் கேட்கத் தாங்காது.

விடுமுறை நாட்களில் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கிவிட்டாள். பணிமனை ஆட்களுக்கு ஓட்டுநர் தேர்வு வைத்தபோது எழுதிப்போட்டாள். மூன்று வாய்ப்புதான். முதல் இரண்டிலும் ஒரே கூத்து. வண்டி அழகாகப் போகும். பக்கத்தில் நின்ற தேர்வு அதிகாரி "அந்தப் பக்கம்" என்று கையைத் தூக்கிக் காட்டுவார். இவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்வாள். 'கவனம் போதாது' என்று எழுதிவிட்டார்.

"ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க?"

"அவர் வழிதான் காட்டுறார்னு எனக்குத் தெரியும் தம்பி. என் கைக்குத் தெரியலையே."

"நான் அவர்கிட்டச் சொல்லட்டா?"

"வேணாம். எனக்கு வாய் இல்லையா?"

மூன்றாம் முறை வண்டியைக் கிளப்புமுன் அவர் பக்கம் திரும்பினாளாம். "சார், கையைத் தூக்காம வாயால சொல்லுங்க. ரொம்ப வருஷம் அடி வாங்கினவ நான்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே முழுத் தேர்வையும் நடத்தினார்.

தேர்ச்சி என்று தாள் வந்தது. போன் பண்ணிச் சொல்ல அவளுக்கு ஆளே இல்லை. என் ஜன்னலில் வந்து நின்று, "இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன்.

முதல் நாள் ஓட்டத்தில், விடுப்புப் போட்டுவிட்டுக் கடைசி இருக்கையில் நானும் உட்கார்ந்திருந்தேன். முதல் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் கையை உயர்த்தி வேகமாக ஆட்டினார். ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லையே! அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறின. கை மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை. வண்டி நின்றது, கதவு திறந்தது, அவர் ஏறினார்.

அப்புறம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் யாராவது கையைத் தூக்கிக்கொண்டேதான் நின்றார்கள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போனபின், காலியான வண்டியில் அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"இன்னிக்கு எத்தனை பேர் கையைத் தூக்கினாங்க தம்பி! எல்லாரும் ஏறத்தான்."